விவால்டியின் சுரங்களில் மாக்ஸ் ரிக்டர்: ‘ரீகம்போஸ்டு’ – ஒரு விமர்சனம்

மேற்கத்தியச் செவ்வியல் இசையை நாடிப் போய்க் கேட்காதவர்களின் காதிலும் எப்படியாவது விழுந்திருக்கும் இசை, இத்தாலிய இசையமைப்பாளர் அந்தோனியோ விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’. 1725-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகி வெளிவந்த பன்னிரண்டு வயலின் கான்செர்ட்டோக்களின் (தனி வயலினும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படிகளின்) தொகுப்பில் முதல் நான்காக இடம்பெற்றவை இவை. தொலைபேசியில் ‘சற்றுக் காத்திருங்கள்’ என்ற குரலுக்குப் பின்னும், விளம்பரங்களிலும், பெரிய கடைகளின் ஒலிபெருக்கிகளிலும் ஒலித்து ஒலித்து, ‘வசந்தம்’ என்னும் முதல் கான்செர்ட்டோவின் தொடக்க வரி தேய்ந்தே போய்விட்டது. நல்ல இசைக்கு நேரக்கூடிய பெரிய அவலம் இதுதான். எல்லோருக்கும் தெரிந்திருக்கும், ஆனால் யாரும் கேட்க மாட்டார்கள். சிறுவயதில் இந்த இசையின்மீது தனக்கிருந்த காதல், பிற்பாடு இப்படிப்பட்ட இடங்களில் அதைக் கேட்டுக் கேட்டு வற்றிப்போனதாக இசையமைப்பாளர் மாக்ஸ் ரிக்டரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் காதலை மீட்டுக்கொள்ள அவர் எழுதியதுதான் 2012-இல் டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனம் வெளியிட்ட ‘ரீகம்போஸ்டு’ (மறுபடி இயற்றியது) தொகுப்பு.

தனி வயலின் வாசிப்பவர் டேனியல் ஹோப். உடன் வாசிப்பது பெர்லின் கொன்சர்ட்ஹவுஸ் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா, நடத்துபவர் ஆந்த்ரே டி ரிடர். தந்தி வாத்தியங்களோடு ஒரு ஹார்ப், ஹார்ப்சிகார்டு என்னும் பழைய விசைப்பலகை வாத்தியம், ரிக்டர் கையாளும் சிந்தசைசர் என்னும் மின்னணு வாத்தியம் ஆகியவை சேர்கின்றன. முன்னுரை போன்ற ஒரு சிறு துணுக்கையும் சேர்த்து மொத்தம் பதின்மூன்று பகுதிகள். முழுவதையும் கேட்க முக்கால் மணி நேரம்கூட ஆகாது. விவால்டி எழுதியதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கைக் கழித்துவிட்டு, மிச்சமிருந்த கால் பங்கை வைத்துக்கொண்டு ரிக்டர் புதிதாக எழுதியிருக்கிறார். செவ்வியல் இசையை வேறு இசைகளோடு கலக்கும் முயற்சிகளில் அண்மைக் காலத்தில் நான் கேட்டவற்றுள் எத்தனை முறை கேட்டாலும் குன்றாமல் நிற்கும் தொகுப்பு இதுவே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் காரணம் இந்த ஒரு தொகுப்போடு முடிந்துவிடுவதன்று.

இசைக் கலப்பு என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது ஒரு பழைய உருப்படியை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு அடியில் டிரம்ஸையும் பாஸ் கிட்டாரையும் ஓடவிடுவது. கர்நாடக இசைக் கீர்த்தனைகளுக்கு இப்படி நேர்ந்ததை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். மேலே பாடகர் பழைய சங்கதிகளைப் பாடிக்கொண்டிருப்பார்; கீழே நான்கு நான்காக ஒரு தாளம் இடித்துக்கொண்டிருக்கும்; இரண்டுக்கும் இடையே பேச்சுவார்த்தையே இருக்காது. தமிழ் ரசிகருக்கு இதற்கு மாறான அனுபவமும் உண்டு. ஜெர்மானிய இசை மேதை பாக்கையும் (Bach) தியாகராஜரையும் வணங்கி இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில், இரண்டு மரபுகளும் தத்தம் இலக்கணத்தை ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து ஒரே ஏட்டில், அதாவது ஒரே இசைக்குறிப்பில், எழுதப்பட்டிருந்தன. கலப்பு நடக்க வேண்டியது ஒலிப்பதிவுக் கூடத்தின் கலவை மேசையில் அன்று, இசையமைப்பாளரின் தாளில் என்பதே அந்தத் தொகுப்பிலிருந்து நான் கற்றது. ரிக்டரின் தொகுப்பையும் அந்த அளவுகோலை வைத்தே அளக்கிறேன்.

‘ரீகம்போஸ்டு’ என்பது ரிக்டருக்கு முன்பே தொடங்கிய ஒரு வரிசை. டாய்ச்ச கிராமஃபோன் தன் பழைய ஒலிப்பதிவுகளை மின்னணு இசைக் கலைஞர்களிடம் கொடுத்து மறுவடிவம் செய்யச் சொன்னது. 2008-இல் டெக்னோ என்னும் மின்னணு நடன இசையில் டெட்ராய்டின் கார்ல் கிரெய்கும் பெர்லினின் மோரிட்ஸ் ஃபான் ஆஸ்வால்டும் ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் காராயன் நடத்திய ராவெல், முஸோர்க்ஸ்கி ஆகியோரின் இசை ஒலிப்பதிவுகளை எடுத்து நீண்ட டெக்னோ வடிவம் ஒன்றைச் செய்தார்கள். 2010-இல் மாத்யூ ஹெர்பர்ட் இசையமைப்பாளர் மாலரின் பத்தாம் சிம்பொனியை எடுத்துக்கொண்டார். இவர்கள் எல்லோரும் வேலை செய்தது ஏற்கெனவே பதிவான ஒலியின்மீது. துணுக்குகளை வெட்டலாம், ஒட்டலாம், சுழலவிடலாம், எதிரொலிக்குள் அமிழ்த்தலாம். ஆனால் ஒரு வயோலா வாசித்த சுரத்தை மாற்றி வேறொரு சுரத்தை வாசிக்கச் சொல்ல முடியாது. ரிக்டர் ஒலிப்பதிவை ஒதுக்கிவிட்டு, விவால்டியின் ஏட்டையே எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுரமாகக் கைவைத்தார். பழைய வீட்டைப் பிரித்து, அதன் தேக்குத் தூண்களையும் நிலைக்கதவையும் எடுத்துப் புது வீடு கட்டுகிறவரைப் போல, எது பளு தாங்கும், எது தாங்காது என்று அவர் அறிந்து எடுத்திருக்கிறார். வரிசையிலேயே இந்தத் தொகுப்பு மட்டும் ஒரு கச்சேரி உருப்படியாக மாறி, உலகெங்கும் மேடைகளில் வாசிக்கப்படுவதற்குக் காரணம், வாசிப்பவர் கையில் கொடுக்க அதற்கு ஓர் ஏடு இருக்கிறது என்பதே. 2012 அக்டோபரில் லண்டன் பார்பிகன் அரங்கில் பிரிட்டன் சின்ஃபோனியா குழுவோடு அது அரங்கேறியது. பாரிஸ் ஓபரா பாலே குழுவுக்காகக் கிரிஸ்டல் பைட் 2016-இல் அதற்கு நடனம் அமைத்தார்.

இப்படி எழுத ரிக்டருக்குத் தகுதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், தொகுப்பின் பல திருப்பங்கள் பிடிபடுகின்றன. 1966-இல் ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த அவர், எடின்பரோவிலும் லண்டன் ராயல் அகாடமியிலும் பயின்றபின், ஃப்ளோரன்ஸில் இசையமைப்பாளர் லூச்சியானோ பெரியோவிடம் மாணவராக இருந்தார். பெரியோ, தம் ‘சின்ஃபோனியா’வின் மூன்றாம் பகுதி முழுவதையும் மாலரின் இரண்டாம் சிம்பொனியின் ஒரு பகுதிமீது எழுதியவர், ஷூபர்ட் முடிக்காமல் விட்ட சிம்பொனிக் குறிப்புகளை எடுத்து, இடைவெளிகளைத் தம் இசையால் நிரப்பியவர். அடுத்தவர் ஏட்டுக்குள் எப்படி மரியாதையோடும் துணிவோடும் நுழைவது என்பதற்கு அவரைவிடச் சிறந்த ஆசான் கிடைப்பது அரிது. ரிக்டரின் இன்னொரு பள்ளி ‘பியானோ சர்க்கஸ்’ என்னும் ஆறு பியானோக் குழு. அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கின் ‘சிக்ஸ் பியானோஸ்’ உருப்படியை வாசிப்பதற்காகத் தோன்றிய அந்தக் குழுவைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். மூன்றாவது பள்ளி தொண்ணூறுகளின் லண்டன் மின்னணு இசை: ‘ஃப்யூச்சர் சவுண்ட் ஆஃப் லண்டன்’ குழுவின் 1996-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவர் பணியாற்றியிருக்கிறார். பெரியோவின் ஏட்டறிவு, சிறு துணுக்குகளைத் திரும்பத் திரும்ப வாசித்து மெல்ல மாற்றும் ரைக்கின் மினிமலிசம், நடன அரங்கின் பாஸ் என்னும் கனத்த கீழ்ஒலி ஆகிய இம்மூன்றும் ‘ரீகம்போஸ்டு’வில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் தென்படுகின்றன.

தொகுப்பு தொடங்குவது ‘வசந்தம் 0’ என்ற முக்கால் நிமிடத் துணுக்கோடு. தெளிவான மெட்டு எதுவும் இல்லை. மின்னணு மூட்டத்துக்குள்ளிருந்து தந்தி ஒலிகள் எழும்பும் சாயல் மட்டும் இருக்கிறது. பிரையன் ஈனோ 1978-இல் ‘ஆம்பியன்ட்’ என்று பெயரிட்டு வளர்த்த இசைவகையின் மொழி இது. முதன்முறை கேட்கும்போது தேவையற்ற அலங்காரமாகத் தோன்றக்கூடும். ஆனால் அடுத்து வரும் பகுதியை இந்தத் துணுக்கு இல்லாமல் தனியே கேட்டுப் பார்த்தால்தான் இதன் வேலை விளங்கும்: காதிலிருக்கும் பழைய ‘வசந்த’த்தின் நினைவை இது துடைத்துவிடுகிறது.

‘வசந்தம் 1’ இரண்டரை நிமிடங்களே. தொகுப்பின் மிக உயர்ந்த இடம் இதுவென்பது என் கருத்து. ஆகவே இங்கே சற்று நின்று கேட்கலாம். விவால்டியின் மூலத்தில், எல்லோருக்கும் தெரிந்த அந்தத் தொடக்க வரி முடிந்ததும், மூன்று வயலின்கள் மட்டும் தனியே நின்று பறவைகளைப் போல ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொள்ளும். செல்லோவோ ஹார்ப்சிகார்டோ பின்னால் இருக்காது. பாஸ் என்பதே அங்கே இல்லை. ரிக்டர் எல்லோருக்கும் தெரிந்த வரியை முற்றாக விட்டுவிட்டார். அது ஒரு முறைகூட வருவதில்லை. அவர் எடுத்துக்கொண்டது அந்தப் பறவைகளை மட்டும். அவற்றின் சிறு சிறு கீச்சொலிகளைப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சுழன்று சுழன்று வரும்படி எழுதியிருக்கிறார். பிறகு, விவால்டி எதை வேண்டாமென்று விட்டாரோ அதையே சேர்க்கிறார். கீழே ஆழ்ந்த பாஸ் ஒன்று நுழைகிறது, அதன்மேல் பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் கார்டுகள் மெல்ல நகர்கின்றன. மேலே பறவைகள் பாடுவது மாறவில்லை. ஆனால் பாஸ் ஒவ்வொரு படி நகரும்போதும் அதே கீச்சொலியின் பொருள் மாறுகிறது. ஒரு கணம் மகிழ்ச்சியாக ஒலித்தது அடுத்த கணம் ஏக்கமாக ஒலிக்கிறது, வயலின்காரர் ஒரு சுரத்தையும் மாற்றாமலே.

நம் மரபில் நிரவல் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த இடத்தை அணுகுவது எளிது. கீர்த்தனையின் ஒரு வரியை எடுத்து, சொற்களை மாற்றாமல் இசையை விரித்துக்கொண்டே போவது நிரவல். ரிக்டரின் முறை அதற்கு நேர் எதிர்ப்புறத்திலிருந்து வருகிறது: சுர வரி அப்படியே நிற்கிறது, அதைச் சுற்றியிருக்கும் ஹார்மனிதான், அதாவது உடன் ஒலிக்கும் சுரங்களின் சேர்க்கைதான், விரிகிறது. நம்மில் பலருக்கு மினிமலிச இசை சலிப்பூட்டுவதற்குக் காரணம், மெட்டில் மாற்றத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பதே. காதைக் கீழே, பாஸின் பக்கம் கொண்டுபோனால் சலிப்புக்கு இடமில்லை.

‘கோடை’யின் மூன்று பகுதிகளில், விவால்டியின் வேகமும் சினமும் பெருமளவு காக்கப்பட்டிருக்கின்றன. மூலத்திலேயே அது ராக் இசைக்கு நெருக்கமான ஆவேசம் கொண்டதென்பதால் ரிக்டர் அதிகம் சேர்க்கவில்லை. தந்தி வாத்தியங்களின் துடிப்பைச் சீராக்கி, கீழே கனம் கூட்டியிருக்கிறார். இரண்டாம் பகுதியில் தனி வயலின் வெறும் மூட்டத்தின்மேல் தனியே புலம்புவது நன்றாக இருக்கிறது. மூன்றாம் பகுதியில் புயல் சட்டென்று அடங்கி, நீண்ட ஒலிப்படலமாகக் கரைகிறது. விவால்டி கடைசிச் சுரம்வரை விடாமல் அடித்து முடித்த இடம் அது. எனக்கு விவால்டியின் முடிவே பிடித்திருக்கிறது. புயலைப் புயலாகவே முடித்திருக்கலாம்.

‘இலையுதிர்கால’த்தின் முதல் பகுதிதான் ரிக்டரின் திறமையை மிக நுட்பமாகக் காட்டுவது. தொடங்கும்போது விவால்டியே வாசிக்கப்படுகிறார் என்று எண்ணுவீர்கள். அந்த நாட்டுப்புறக் கொண்டாட்டத்தின் மெட்டு மாறாமல் வருகிறது. கேட்டுக்கொண்டே தொடையில் தாளம் போடும் பழக்கமுள்ளவர் என்றால், கொஞ்ச நேரத்தில் கை பிசகுவது தெரியும். நான்காம் எண்ணிக்கைக்குக் கையைத் தூக்கும்போதே மெட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டிருக்கும். ரிக்டர் ஆங்காங்கே ஓர் எண்ணிக்கையை உருவியெடுத்துவிட்டார். பழைய இசைத்தட்டில் ஊசி தாவும்போது கேட்கும் தாவலை, வாசிப்பவர்கள் கையால் துல்லியமாக வாசிக்கும்படி எழுதியிருக்கிறார். இதில் வேடிக்கைக்கு மேற்பட்ட ஒன்று இருக்கிறது. தேய்ந்த மெட்டை நாம் கேட்பதை நிறுத்திவிடுவது, அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதால். அந்தத் தெரிதலை ஒரே ஓர் எண்ணிக்கையால் கலைத்துவிட்டால், காது மறுபடி விழித்துக்கொள்கிறது. டிரம்ஸோ, சிந்தசைசரோ, வேற்று மரபின் அலங்காரமோ இல்லாமலேயே இருபதாம் நூற்றாண்டு இங்கே பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

அதே பருவத்தின் இரண்டாம் பகுதியில் ஹார்ப்சிகார்டு முன்னே வருகிறது. விவால்டியின் ஏட்டில் இந்த இடம், குடித்துக் களைத்தவர்கள் உறங்கும் காட்சி. ஹார்ப்சிகார்டுக்காரர் கார்டுகளைப் பிரித்து வாசிக்க வேண்டும் என்று மட்டும் குறித்துவிட்டு, மற்றதை அவர் கற்பனைக்கு விட்டிருக்கிறார் விவால்டி. அந்தச் சுதந்திரத்தை ரிக்டர் எடுத்துவிட்டு, அடுத்தடுத்து ஒரே அளவான சுரங்களை, கடிகாரத்தைப்போல் தட்டச் சொல்கிறார். எழுபதுகளின் பாப் இசைத்தட்டுகளில் ஹார்ப்சிகார்டு வாசிக்கப்பட்ட முறை அது. விவால்டியின் பரோக் காலத்துக் கருவி, பாப் காலத்துக் கைவழியில் வாசிக்கப்படுகிறது. கலப்பு என்றால் இரண்டு குழுக்களை ஒரே மேடையில் உட்கார வைப்பதாக நினைப்பவர்கள், ஒற்றைக் கருவிக்குள் இரண்டு காலங்கள் சேர்வதை இந்த மூன்று நிமிடங்களில் கேட்கலாம். மூன்றாம் பகுதி இரண்டு நிமிடம்கூட வராது. வேட்டைக் காட்சியின் ஆரவாரம் தொடங்குவதற்குள் முடிந்துவிடுகிறது.

‘குளிர்கால’த்தின் முதல் பகுதியை ரிக்டர் ஏழு எண்ணிக்கையில் மாற்றி எழுதியிருக்கிறார். விவால்டியிடம் அது நான்கு. மிஸ்ர சாபுவில் ஊறிய நமக்கு ஏழு என்பது புதிதன்று, அதில் நாம் அமைதியாகப் பதங்களையே கேட்டிருக்கிறோம். ஆனால் இங்கே ஏழு ஓய்வு கொடுப்பதில்லை. ஒவ்வொரு சுற்றும் ஒரு துளி முன்னதாகவே முடிந்துவிடுவதால், குளிரில் மூச்சிரைக்க ஓடுவதான உணர்வு வருகிறது. பற்கள் கிட்டிக்கும் குளிர் என்று விவால்டியின் இசையோடு அச்சான கவிதை சொல்லும். அந்தக் கிட்டித்தலை விவால்டி சுரங்களின் நடுக்கத்தில் வைத்தார், ரிக்டர் தாளத்தில் வைத்திருக்கிறார்.

இரண்டாம் பகுதியைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் தகும். மூலத்தில் இது கணப்பருகே அமர்ந்திருக்கும் காட்சி. வெளியே மழை பெய்வதை மற்ற வயலின்கள் விரலால் மீட்டும் பிட்சிகாட்டோவாகச் சொட்டும். உள்ளே தனி வயலின் கதகதப்பான ஒரு பாட்டைப் பாடும். ரிக்டர் தனி வயலினின் பாட்டைக் காத்துக்கொண்டு மழையை எடுத்துவிட்டார். பதிலுக்கு, தந்தியை அழுத்தாமல் மேலாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்ஸ் என்னும் மெல்லிய, உயிரற்ற, கண்ணாடிபோன்ற உயர்ந்த ஒலிகளை அசையாமல் நிறுத்திவைத்திருக்கிறார். கணப்பு அணைந்துவிட்டது, வீடும் போய்விட்டது, பாடுபவர் மட்டும் பனிவெளியில் நின்று அதே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார். ஒரு மெட்டுக்குப் பின்னணி என்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை எந்தப் பாடநூலையும்விட இந்த மூன்று நிமிடம் தெளிவாகக் காட்டும். இதில் ஹோப் வாசிப்பதும் மிகையற்றது. பாட்டை அழுத்தி இரக்கத்தைத் தூண்ட முயலாமல், நேராக வாசித்துப் போகிறார்.

குறைகள் இல்லாமலில்லை. முதன்மையானது, ரிக்டருக்கு இறங்குமுகமான பாஸ் வரியின்மீதும், நான்கு கார்டுகளின் சுழற்சியின்மீதும் உள்ள அளவு கடந்த நம்பிக்கை. ‘வசந்தம் 1’இல் அது அற்புதம். ஆனால் அதே உத்தி தொகுப்பில் திரும்பத் திரும்ப வரும்போது, உணர்ச்சி நமக்குள் பிறப்பதற்கு முன் வெளியிலிருந்து ஊட்டப்படுவதாகத் தோன்றுகிறது. திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் நிறைய எழுதியவரின் பழக்கம் அது. இரண்டாவது குறை இன்னும் அடிப்படையானது. விவால்டியின் நான்கு கான்செர்ட்டோக்களும் கதை சொல்பவை. நான்கு கவிதைகள் அவற்றோடு அச்சாயின. எந்த வரிக்கு எந்த இசை என்ற குறிப்பும் ஏட்டில் உண்டு. ஆட்டிடையனின் நாய் குரைப்பதை வயோலா வாசிக்கும். பனிக்கட்டிமேல் நடப்பவர் வழுக்கி விழுவது வயலினில் கேட்கும். ரிக்டரின் ஏட்டில் இந்த நாயும் இல்லை, குடிகாரர்களும் இல்லை, வழுக்கி விழுபவரும் இல்லை. மனநிலைகள் இருக்கின்றன, நிகழ்ச்சிகள் இல்லை. கூடவே, தனி வயலினும் ஆர்கெஸ்ட்ராவும் மாறி மாறி வாதிடும் கான்செர்ட்டோ அமைப்பும் தளர்ந்துவிட்டது. பல இடங்களில் ஹோப் தனித்து எழும்புவதைவிட, அலையோடு அலையாக மிதக்கிறார். ‘வசந்த’த்தின் கடைசிப் பகுதியிலும் ‘குளிர்கால’த்தின் கடைசிப் பகுதியிலும் இந்த இழப்பு நன்றாகவே உறைக்கிறது.

இருந்தும், பருவங்களை மறுபடி எழுதிய மற்றவர்களோடு வைத்துப் பார்க்கும்போது ரிக்டரின் இடம் உறுதியானது. ஆஸ்டர் பியாசோல்லா அறுபதுகளில் தொடங்கி டாங்கோ இசையில் புவெனஸ் ஐரிஸின் நான்கு பருவங்களை எழுதினார். பின்னர் லியோனித் தேஸ்யாத்னிகோவ் அவற்றை வயலின் கலைஞர் கிடோன் கிரேமருக்காக அமைத்துக் கொடுத்தபோது விவால்டியின் வரிகளை உள்ளே பொதிந்துவைத்தார். அது முற்றிலும் வேறு ஊரின், வேறு உடலின் இசை, கேட்க வேண்டியது. ஃபிலிப் கிளாஸின் இரண்டாம் வயலின் கான்செர்ட்டோவுக்கு ‘அமெரிக்க நான்கு பருவங்கள்’ என்று பெயர், ஆனால் அதில் விவால்டியின் சுரங்கள் கிடையா. விவால்டியின் ஏட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு இன்றைய மொழியில் பேசியவர் என்று ரிக்டரையே சொல்ல வேண்டும்.

2022-இல் ரிக்டர் இதே உருப்படியை மீண்டும் பதிவு செய்து ‘தி நியூ ஃபோர் சீசன்ஸ்’ என்று வெளியிட்டார். இம்முறை தனி வயலின் எலேனா உரியோஸ்தே. வாசிப்பது லண்டனின் சினெகே ஆர்கெஸ்ட்ரா. கறுப்பினத்தவரும் பிற சிறுபான்மை இனத்தவரும் பெரும்பான்மையாக உள்ள ஆர்கெஸ்ட்ராவாக, டபுள் பாஸ் கலைஞர் சீ-சீ நுவானோக்கு 2015-இல் நிறுவிய குழு அது. ஏடு மாறவில்லை, கருவிகள் மாறியிருக்கின்றன. உலோகத் தந்திகளுக்குப் பதில், விவால்டி காலத்தில் இருந்ததுபோல் ஆட்டுக் குடலிலிருந்து திரித்த தந்திகள். அவற்றோடு எழுபதுகளின் பழைய ‘மூக்’ (Moog) வகைச் சிந்தசைசர்களை ரிக்டரே வாசிக்கிறார். இதைப் பழமைப் பித்து என்று ஒதுக்கிவிட முடியாது. குடல் தந்தியில் வில் பற்றும்போது ஒரு கரகரப்பு முதலில் எழுந்து, பிறகே சுரம் பிறக்கும். மூக் சிந்தசைசரின் ஒலியிலும் மின்சுற்றுகளுக்கே உரிய நிலையின்மையும் கனமும் உண்டு. இரண்டும் ஒரே கூடத்தில் ஒலிக்கும்போது, 2012-இல் சற்று விலகி நின்ற சிந்தசைசர் இப்போது தந்தி வாத்தியங்களின் உறவினராகவே கேட்கிறது. குறிப்பாக ‘கோடை’ இந்தப் பதிவில் உயிர்பெற்றிருக்கிறது. வில்லின் உராய்வே புயலின் ஒரு பகுதியாகிவிடுகிறது. ஆனால் ‘குளிர்காலம் 2’இல் எனக்கு 2012-தான் வேண்டும். அந்தக் கண்ணாடி ஒலிக்கு உலோகத் தந்தியின் தூய்மை பொருந்துவதுபோல் குடல் தந்தியின் கரகரப்பு பொருந்துவதில்லை.

2012-ஆம் ஆண்டுப் பதிவின் விரிவாக்கப் பதிப்பு 2014-இல் வந்தது. அதில் ‘நிழல்’ என்ற தலைப்பில் ஐந்து மின்னணுத் துணுக்குகளும், பிற கலைஞர்கள் செய்த ரீமிக்ஸ் வடிவங்களும் சேர்க்கப்பட்டுள்ளன. ‘நிழல்’ துணுக்குகள் பின்னணி ஒலிகளாக இதமானவை, அவ்வளவே. ரீமிக்ஸ்களில் ரிக்டர் எந்தக் குழியைத் தாண்டி வந்தாரோ அதே குழி மீண்டும் வெட்டப்பட்டிருக்கிறது: மேலே வெட்டிய வயலின், கீழே இடிக்கும் தாளம். இவற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். விவால்டியின் மூலத்தை ஒரு முறையாவது முழுமையாகக் கேட்டிராதவர்கள் முதலில் அதைக் கேளுங்கள். எந்த நல்ல பதிவானாலும் சரி, நாற்பது நிமிடங்கள்தான். எண்ணிக்கை எங்கே உருவப்பட்டது, மழை எங்கே நின்றுபோனது என்பதெல்லாம் மூலம் காதில் இருந்தால்தான் தெரியும். பிறகு 2012 பதிவின் பதின்மூன்று பகுதிகளை வரிசை மாற்றாமல் கேளுங்கள். இணையச் செயலிகளில் ‘வசந்தம் 1’ மட்டும் பிய்த்தெடுக்கப்பட்டு, படிக்கும்போதும் உறங்கும்போதும் கேட்பதற்கான பட்டியல்களில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அப்படிக் கேட்டால் அது இன்னொரு காத்திருப்பு இசையாகிவிடும். செயலியில் பாடல்களைக் கலைத்துப் போடும் வசதியையும், ஒரு பாடல் முடியுமுன் அடுத்ததை மேலேற்றும் வசதியையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால், ‘வசந்தம் 0’ முடிந்து ‘வசந்தம் 1’ தொடங்கும் இடம் குலைந்துவிடும். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்பது வீண், ஏனென்றால் இந்தத் தொகுப்பின் உயிர் பாஸில் இருக்கிறது, அந்தச் சிறு ஒலிபெருக்கியால் பாஸைத் தர முடியாது. நடுத்தரமான ஹெட்ஃபோன் ஒன்றே போதும்.

இரண்டு பதிவுகளில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் 2012-ஐ வாங்குங்கள். ஏட்டின் ஒவ்வொரு முடிச்சும் அதில் துலக்கமாகக் கேட்கிறது. முதன்முறை வாசிப்பவர்களிடம் இருக்கும் விழிப்பும் அதில் இருக்கிறது. அது பழகி மனதில் பதிந்தபின், ‘கோடை’க்காகவும் மூக் சிந்தசைசரின் கனத்துக்காகவும் 2022-ஆம் ஆண்டுப் பதிவை இணையத்தில் கேட்டுப் பார்க்கலாம், பிடித்திருந்தால் அதையும் வாங்கிக்கொள்ளலாம்.